பெட்டிக்குள் ஓடும் செயலிக்கு ஜிபிஐஓ பின்னைத் திறந்துவிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டை வைத்து ஏதாவது செய்து பார்க்கும் நண்பர்களுக்குச் சில வருடங்களாக உதவி வருகிறேன். "எல்ஈடி எரியுது" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனவர், அதே ப்ரோக்ராமை டாக்கரிலோ ஸ்னாப்பிலோ (செயலியை மற்றவற்றிலிருந்து பிரித்து ஒரு பெட்டிக்குள், அதாவது சாண்ட்பாக்ஸுக்குள், ஓட்டும் கருவிகள்) போட்ட மறுநாள் "எரியலை" என்று வந்து நிற்பார். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கூடவே வைத்திருக்கிறேன்.

கீழே எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்தான்: என் வீட்டு ராஸ்பெர்ரி பை 4. அதில் ஜிபிஐஓ 17-இல் ஒரு ரிலே (சின்ன சிக்னலால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்காக. ஜிபிஐஓ 27-இல் தொட்டிக்குள் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச்.

ஜிபிஐஓ பின்னுன்னா என்ன? யூஎஸ்பி போர்ட் மாதிரிதானே?

இல்லை. பை போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 ஊசிகள் நிற்கின்றன. அவற்றில் 2 ஊசிகள் 5 வோல்ட், 2 ஊசிகள் 3.3 வோல்ட், 8 ஊசிகள் கிரவுண்ட். மீதி 28-தான் ஜிபிஐஓ. ஒவ்வொன்றையும் ப்ரோக்ராம் மூலம் "மேலே" அல்லது "கீழே" வைக்கலாம், அல்லது வெளியிலிருந்து வரும் நிலையைப் படிக்கலாம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

யூஎஸ்பியில் எதையாவது செருகினால் அது "நான் கீபோர்டு", "நான் கேமரா" என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். பின்னுக்கு அந்தப் பேச்சே கிடையாது. எதிர்முனையில் இருப்பது எல்ஈடியா, ஒரு குதிரைத்திறன் மோட்டாரா என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியாது. அதனால்தான் கைபேசியில் வருவது போல "இந்தச் செயலி கேமராவைப் பயன்படுத்தலாமா?" என்று அர்த்தமுள்ள ஒரு கேள்வியைப் பின்னுக்குக் கேட்பது கஷ்டம். எதைத் திறக்கிறோம் என்று தெரிந்தவர் வயரை இணைத்த நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சிப் கெட்டுவிடும். அதை எந்த சாண்ட்பாக்ஸும் தடுக்காது.

வெளியே ஓடுது, டாக்கர்ல போட்டா மட்டும் பின்னையே காணோம். ஏன்?

லினக்ஸில் வன்பொருள் எல்லாம் ஃபைலாகத்தான் தெரியும். டெவ் ஃபோல்டரில் இருக்கும் ஒரு டிவைஸ் ஃபைலைத் திறந்து, அதன் வழியாகத்தான் பின்னோடு பேசுகிறோம். டாக்கர் உங்கள் செயலி ஓடும் பெட்டிக்கு, அதாவது கன்டெய்னருக்கு, தனியாக ஒரு சின்ன டெவ் ஃபோல்டரைக் கட்டிக் கொடுக்கிறது. அதில் நல், ஜீரோ, ராண்டம், டிடிஒய் என்று அத்தியாவசியமானவை மட்டும்தான் இருக்கும். ஜிபிஐஓ ஃபைல் அதில் இல்லை. பின் எங்கும் போகவில்லை. அதற்கான கதவு அந்த அறையில் வைக்கப்படவில்லை.

கதவை வைத்தாலும் காவல் ஒன்று உண்டு. எந்தெந்த டிவைஸைத் திறக்கலாம் என்ற பட்டியலை கெர்னலில் சிகுரூப் என்ற, வரம்பு வைக்கும் பகுதி பார்க்கிறது. ஸ்னாப்பில் அதோடு ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புப் பகுதியின் விதிகளும் சேரும். பலரும் முட்டிக்கொள்வது இங்கேதான்: ஃபைல் கண்ணுக்குத் தெரியும், திறந்தால் மறுப்பு வரும்.

எந்த ஃபைலைத் தரணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மூன்று கதவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். முதலாவது பழைய சிஸ்எஃப்எஸ் வழி. சிஸ் ஃபோல்டருக்குள் பின் எண்ணை "எக்ஸ்போர்ட்" செய்து, அதன் வேல்யூ ஃபைலில் 1 அல்லது 0 எழுதுவது. ஷெல்லிலிருந்தே செய்யலாம் என்பதால் பழைய பாடங்களில் எல்லாம் இதுதான் வரும். 2016-இல் வந்த லினக்ஸ் 4.8-இல் புதிய வழி வந்ததிலிருந்து இது கைவிடப்பட்ட வழி. டாக்கர் சிஸ் ஃபோல்டரைப் படிக்க மட்டுமே தருவதால் கன்டெய்னருக்குள் எழுதவும் முடியாது.

இரண்டாவது, அந்தப் புதிய வழி: ஜிபிஐஓசிப்0, ஜிபிஐஓசிப்1 என்ற பெயரில் வரும் டிவைஸ் ஃபைல்கள். இதில் செயலி "எனக்கு 17-ஆம் லைன் வேண்டும்" என்று கெர்னலிடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியவர் கையில் இருக்கும்வரை அதே லைனை இதே வழியில் இன்னொருவருக்குக் கெர்னல் தராது. லிப்ஜிபிஐஓடி நூலகம் இந்த வழியில் போகிறது. புதிதாக எழுதுபவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது ஜிபிஐஓமெம். இது ராஸ்பெர்ரி பைக்கே உரியது. சிப்பின் ஜிபிஐஓ ரிஜிஸ்டர்கள் இருக்கும் நினைவகப் பகுதியை அப்படியே செயலியின் கையில் கொடுத்துவிடும். வேகம் அதிகம், கேள்வி கேட்பாரில்லை. எந்தப் பின்னையும் யாரும் எப்போதும் மாற்றலாம். பைத்தானில் பலரும் பழகிய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் இதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. டெவ் மெம் என்ற ஃபைலையே கொடுக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அது கணினியின் முழு நினைவகத்துக்கான கதவு, அதைத் தொட வேண்டாம்.

17-ஆ 11-ஆ? சிப்0-ஆ சிப்4-ஆ?

17 என்பது சிப் தயாரித்தவர் வைத்த எண். 11 என்பது ஊசி வரிசையில் எத்தனையாவது என்ற எண். இரண்டும் ஒரே ஊசிதான். கெர்னலுக்கு முதலாவதுதான் புரியும்.

சிப் எண் அதைவிட வழுக்கும். பை 4-இல் ஊசி வரிசை ஜிபிஐஓசிப்0-இல் இருக்கிறது. 2023-இல் பை 5 வந்தபோது அதே வரிசை ஜிபிஐஓசிப்4 ஆனது. பிறகு வந்த கெர்னல்களில் மறுபடி 0 ஆனது. அதனால் எண்ணை நம்பி எழுதாதீர்கள். ஜிபிஐஓடிடெக்ட் கட்டளை ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பெயரைக் காட்டும். பை 4-இல் அது பின்சிடிஆர்எல்-பிசிஎம்2711. அந்தப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பர்மிஷன் டினைட்னு வருது. சூடோ போட்டா ஓடுது. அப்படியே விட்டுடவா?

விடாதீர்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்-இல் இந்த ஃபைல்கள் ஜிபிஐஓ என்ற குரூப்புக்குச் சொந்தம். உங்கள் யூசரை அந்தக் குரூப்பில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் போதும். வேறு ஓஎஸ்-இல் அந்தக் குரூப் இல்லையென்றால் யூடெவ் (டிவைஸ் ஃபைல்களின் அனுமதியைக் கவனிக்கும் பகுதி) விதி ஒன்று எழுதி உருவாக்கலாம்: ஜிபிஐஓசிப் என்று தொடங்கும் ஃபைல்களுக்கு இந்தக் குரூப், 0660 அனுமதி. ஒரு விளக்கை எரியவைக்க ரூட் (எல்லாம் செய்யக்கூடிய யூசர்) அதிகாரம் தேவையே இல்லை.

பிரிவிலேஜ்ட் போட்டேன், உடனே ஓடிடுச்சு. இதுல என்ன தப்பு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தேடினால் முதலில் கிடைக்கும் பதிலும் இந்த ஆப்ஷன்தான். அதைப் போட்டவுடன் டாக்கர் ஹோஸ்ட்டின் (கன்டெய்னரை ஓட்டும் வெளிக் கணினி) எல்லா டிவைஸ் ஃபைல்களையும் உள்ளே கொண்டுவருகிறது, கெர்னல் அதிகாரங்கள் அனைத்தையும் தருகிறது, செக்காம்ப், ஆப்ஆர்மர் என்ற இரண்டு காவல்களையும் விலக்குகிறது. அதன்பின் கன்டெய்னருக்குள் ரூட்டாக இருப்பவர் உங்கள் எஸ்டி கார்டின் பார்ட்டிஷனையே மவுன்ட் செய்து, ஹோஸ்ட்டின் கடவுச்சொல் ஃபைலைத் திருத்தலாம். எஸ்டி கார்டும் அங்கே ஒரு டிவைஸ் ஃபைல்தானே.

ஒரு பின்னுக்காக இதைப் போடுவது, வீட்டில் ஓர் அறைக்குள் மட்டும் ஒருவரை விட, சாவிக்கொத்து முழுவதையும் அவர் கையில் கொடுப்பது போன்றது. நீங்களே எழுதிய ப்ரோக்ராம் என்றாலும் அதனுள் நீங்கள் எழுதாத நூலகங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். "ஏன் ஓடவில்லை?" என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கண்டுபிடித்ததும் எடுத்துவிடுங்கள்.

சரி, அப்போ டாக்கர்ல சரியான வழி என்ன?

டாக்கர் ரன் கட்டளையில் டிவைஸ் என்ற ஆப்ஷனோடு ஜிபிஐஓசிப்0-ஐ மட்டும் கொடுங்கள். கம்போஸ் ஃபைலில் டிவைசஸ் என்ற பகுதியில் அதே வரி. இது ஃபைலையும் உள்ளே வைக்கும், சிகுரூப் பட்டியலிலும் சேர்க்கும். டெவ் ஃபோல்டரை வால்யூமாக மவுன்ட் செய்தால் முதல் வேலை மட்டும்தான் நடக்கும். முன்பு சொன்ன "தெரியுது, திறக்கலை" நிலைமை அதனால்தான் வருகிறது.

அடுத்து குரூப். இமேஜுக்குள் (கன்டெய்னர் உருவாகும் மூலப் பொதி) ரூட் அல்லாத யூசராக ஓட்டினால், அவருக்கு ஜிபிஐஓ குரூப் வேண்டும். கெர்னல் பார்ப்பது குரூப்பின் பெயரை இல்லை, எண்ணை. ஹோஸ்ட்டில் இருக்கும் எண் இமேஜுக்குள் வேறு ஏதோ குரூப்புக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஹோஸ்ட்டில் ஸ்டாட் கட்டளையால் அந்த ஃபைலின் குரூப் எண்ணைப் பார்த்து, குரூப்-ஆட் ஆப்ஷனில் எண்ணாகவே கொடுங்கள்.

பாட்மேனை (டாக்கர் போன்ற இன்னொரு கருவி) ரூட் இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு: கன்டெய்னருக்கு உங்களிடம் இருப்பதைவிட அதிக அனுமதி கிடைக்காது. நீங்கள் ஜிபிஐஓ குரூப்பில் இருந்து, குரூப்-ஆட் ஆப்ஷனுக்குக் கீப்-குரூப்ஸ் என்று கொடுத்தால் அந்த உறவு உள்ளேயும் தொடரும். உள்ளே பார்த்தால் குரூப் "நோபடி" வகைப் பெயரில் தெரியும். கவலை வேண்டாம், திறக்கும்.

டாக்கர் வேண்டாம், சிஸ்டம்டி சர்வீஸா ஓட்டினா?

சிஸ்டம்டி என்பது லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் பகுதி. பல வீட்டுத் திட்டங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. சர்வீஸ் ஃபைலில் டிவைஸ்பாலிசியை க்ளோஸ்ட் என்று வைத்து, டிவைஸ்அலவ் வரியில் ஜிபிஐஓசிப்0-ஐ மட்டும் சேர்த்து, கூடுதல் குரூப்பாக ஜிபிஐஓவைக் கொடுங்கள். பிரைவேட்டிவைசஸ் என்ற வரியைச் சேர்த்துவிட்டு "பின் காணோம்" என்று வருபவர்கள் உண்டு. அந்த வரி எல்லா வன்பொருள் ஃபைல்களையும் மறைத்துவிடும்.

சிப் முழுசையும் தராம, ஒரே ஒரு பின்னை மட்டும் தர முடியாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் விஷயத்தின் நடுவுக்கு வந்தவர்கள். டாக்கரோ சிஸ்டம்டியோ ஃபைல் அளவில்தான் அனுமதி தரும். ஃபைல் என்பது முழு சிப். உங்களுக்குத் தேவை 17-ம் 27-ம். நீங்கள் கொடுப்பதோ பை 4-இன் ஜிபிஐஓசிப்0-இல் உள்ள 58 லைன்களும். அவற்றில் 28 மட்டும்தான் ஊசி வரிசைக்கு வருகின்றன. மீதி போர்டுக்குள்ளேயே வேலை செய்பவை: 30 முதல் 33 வரை புளூடூத்துக்கு, 34 முதல் 39 வரை வைஃபை சிப்போடு பேச, 42 அந்தப் பச்சை விளக்குக்கு. ஜிபிஐஓஇன்ஃபோ கட்டளையை ஒருமுறை ஓட்டி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். எதைத் திறந்துவிடுகிறோம் என்பது அப்போது புரியும். ஜிபிஐஓசிப்1 இன்னும் மோசம். வைஃபையை எழுப்பும் லைனும் எஸ்டி கார்டுக்கு மின்சாரம் தரும் லைனும் அதில் இருக்கின்றன.

வழி இருக்கிறது. 2020-இல் லினக்ஸ் 5.8-இல் ஜிபிஐஓ அக்ரிகேட்டர் என்ற டிரைவர் சேர்ந்தது. அதன் சிஸ்எஃப்எஸ் ஃபோல்டரில் உள்ள நியூ_டிவைஸ் என்ற ஃபைலில், சிப்பின் பெயரையும் 17,27 என்ற எண்களையும் எழுதினால், அந்த இரண்டு லைன்கள் மட்டும் கொண்ட ஒரு புதிய சிப் பிறக்கும். அதற்குத் தனி டிவைஸ் ஃபைல் வரும். அதை மட்டும் கன்டெய்னருக்குக் கொடுங்கள். உள்ளே இருக்கும் செயலிக்கு ரிலே 0-ஆம் லைன், ஃப்ளோட் சுவிட்ச் 1-ஆம் லைன். மற்றவை அதன் உலகத்திலேயே கிடையாது. மூலச் சிப்பிலும் அந்த இரண்டு லைன்களும் "பயன்பாட்டில்" என்று காட்டும், வேறு யாரும் கேட்டு வாங்க முடியாது.

நடைமுறையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உங்கள் கெர்னல் இந்த மாட்யூலோடு பில்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும், மாட்ப்ரோப் போட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பூட்டிலும் அந்த வரியை மறுபடி எழுத வேண்டும். அதற்கு ஒரு சின்ன சிஸ்டம்டி யூனிட்டை டாக்கருக்கு முன்னால் ஓடும்படி வையுங்கள், இல்லையென்றால் டிவைஸ் இல்லை என்று கன்டெய்னர் கிளம்பாது. கன்டெய்னர் ஓடும்போது புதிய சிப்பை அழித்து மறுபடி உருவாக்கினால், உள்ளே இருப்பது பழைய ஃபைல்தான். கன்டெய்னரையும் மறுபடி தொடங்க வேண்டும்.

ஸ்னாப்ல கனெக்ட் போட்டா ஸ்லாட்டே இல்லைங்குது.

ஸ்னாப்பில் செயலி ஒரு ப்ளக், வன்பொருள் ஒரு ஸ்லாட். இரண்டையும் இணைத்தால்தான் வழி திறக்கும், ஜிபிஐஓ விஷயத்தில் அது தானாக இணையாது. ஜிபிஐஓ என்ற இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு பின்னுக்கும் தனி ஸ்லாட் தருகிறது. அந்த ஸ்லாட்டுகளை அறிவிப்பது போர்டுக்கான கேட்ஜெட் ஸ்னாப். உபுண்டு கோர் போட்ட ராஸ்பெர்ரி பையில் "பை" என்ற பெயரிலேயே ஒரு கேட்ஜெட் இருக்கும், அதில் பிசிஎம்-ஜிபிஐஓ-17 போன்ற பெயரில் ஸ்லாட்டுகள் இருக்கும். சாதாரண உபுண்டு சர்வரில் கேட்ஜெட் ஸ்னாப் கிடையாது. அதனால்தான் அந்தப் பிழை.

அங்கே பலரும் ஜிபிஐஓ-மெமரி-கன்ட்ரோல் என்ற இன்டர்ஃபேஸை இணைக்கிறார்கள். அது மேலே சொன்ன மூன்றாவது கதவு, எல்லாப் பின்னும் செயலியின் கைக்குப் போய்விடும் என்று தெரிந்தே செய்யுங்கள். டெவ்மோட், அதாவது தடைகளை அமல்படுத்தாத நிலை, சோதனைக்கு மட்டும். ஒவ்வொரு பின்னாகப் பிரித்துத் தர வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் சரியாகப் பிடித்தது ஸ்னாப்தான் என்பேன். ஆனால் அந்தப் பழைய இன்டர்ஃபேஸ் சிஸ்எஃப்எஸ்ஸை நம்பியது. அதற்கு அடுத்து வந்த ஜிபிஐஓ-சார்டெவ் இன்டர்ஃபேஸ், முந்தைய பதிலில் பார்த்த அக்ரிகேட்டரையே பயன்படுத்துகிறது.

ஃபிளாட்பேக்?

அது டெஸ்க்டாப் செயலிகளுக்கான சாண்ட்பாக்ஸ். ஜிபிஐஓவுக்கு என்று தனி அனுமதி அதில் இல்லை. டிவைஸ்=ஆல் ஒன்றுதான் வழி. அது டெவ் ஃபோல்டர் முழுவதையும் திறந்துவிடும். திரையில் ஓடும் செயலி என்றால், பின்னைத் தொடும் வேலையை வெளியே ஒரு உதவியாளரிடம் விட்டுவிட்டு அவரிடம் பேசுவதே நல்லது.

அந்த உதவியாளர்னா என்ன? ஏன் சுத்தி வளைச்சு போகணும்?

சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஒரு சின்ன ப்ரோக்ராம் பின்னை வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் செயலி அதனிடம் யூனிக்ஸ் சாக்கெட், எம்க்யூடிடி, டி-பஸ் போன்ற செய்தி வழிகளில் ஏதாவது ஒன்றில் "மோட்டாரைப் போடு" என்று கேட்கும். லிப்ஜிபிஐஓடி 2.2-இலிருந்து இதற்கென்றே ஒரு டி-பஸ் டெமன் (பின்னணியில் ஓடும் ப்ரோக்ராம்) கூடவே வருகிறது.

சுற்று வழிதான். ஆனால் மற்ற எந்த வழியிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: பின்னுக்குப் பொருள் தரலாம். கெர்னலுக்கு 17 என்பது வெறும் லைன். என் உதவியாளருக்கு அது மோட்டார் என்று தெரியும். ஃப்ளோட் சுவிட்ச் "நிரம்பியது" என்றால் யார் கேட்டாலும் போடாது, போட்டாலும் 25 நிமிடத்துக்கு மேல் ஓடவிடாது. கன்டெய்னருக்குள் இருக்கும் வலைப்பக்கத்தில் என்ன தவறு நடந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. மெயின்ஸ் மின்சாரத்தைத் தொடும் எதற்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

பிக்பிஐஓ என்ற ஜிபிஐஓ நூலகத்தின் டெமனைப் பயன்படுத்துபவர்கள் ஒன்று கவனிக்கவும். அது 8888 போர்ட்டில் கேட்கும், கடவுச்சொல் கிடையாது. உள்ளூர் இணைப்பை மட்டும் ஏற்கும் ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.

கன்டெய்னர் நடுவுல செத்துட்டா பின் என்ன ஆகும்?

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் என் மோட்டார் ப்ரோக்ராம் ஜிபிஐஓமெம் வழியாக ஒரு கன்டெய்னரில் ஓடியது. ஒரு ராத்திரி நினைவகம் போதாமல் கெர்னல் அந்தக் கன்டெய்னரைக் கொன்றுவிட்டது. ரிஜிஸ்டரில் கடைசியாக எழுதியது "மோட்டார் ஆன்". அதை மாற்ற ஆளில்லை. விடியற்காலை சன்ஷேடிலிருந்து தண்ணீர் அருவி மாதிரி விழும் சத்தத்தில்தான் எழுந்தேன். மாடிப்படி முழுக்கத் தண்ணீர், கீழ்வீட்டுச் சுவரில் ஈரம். ரிலேயின் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

ஜிபிஐஓசிப் வழியில் செயலி செத்தால் கெர்னல் லைனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் பின் எந்த நிலையில் நிற்கும் என்பது டிரைவரைப் பொறுத்தது. சிலவற்றில் இன்புட்டாகத் திரும்பும், சிலவற்றில் இருந்தபடியே இருக்கும். இதை நம்பி எதையும் கட்டாதீர்கள். ஜிபிஐஓசெட் கட்டளையும் இதே காரணத்தால் மாறியது: 1-ஆம் பதிப்பில் எழுதியவுடன் முடிந்துவிடும், 2-ஆம் பதிப்பில் நீங்கள் நிறுத்தும்வரை லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "ஹேங் ஆகுது" என்று சொல்பவர்கள் பார்ப்பது அதைத்தான்.

பூட் ஆகும்போது ரிலே ஒரு தடவை "டக்"னு அடிக்குதே?

உங்கள் செயலி தொடங்கும் முன்னாலேயே பின்னுக்கு ஒரு நிலை உண்டு. பையில் ஜிபிஐஓ 0 முதல் 8 வரை மேலே இழுக்கப்பட்டும், 9 முதல் 27 வரை கீழே இழுக்கப்பட்டும் தொடங்கும். கடைகளில் கிடைக்கும் ரிலே போர்டுகள் பெரும்பாலும் "கீழே வந்தால் ஆன்" வகை. அதை 17-இல் மாட்டினால் பூட்டில் அடிக்க வாய்ப்பு இருக்கிறது. ஜிபிஐஓ 5 அல்லது 6-க்கு, அதாவது 29 அல்லது 31-ஆம் ஊசிக்கு மாற்றிப் பாருங்கள். பூட் கான்ஃபிக் ஃபைலிலேயே ஒரு பின்னின் தொடக்க நிலையை எழுதி வைக்கவும் வழி உண்டு. இது சாண்ட்பாக்ஸ் விஷயமே இல்லை, ஆனால் எல்லோரும் டாக்கரைத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

ரெண்டு கன்டெய்னர் ஒரே பின்னைத் தொட்டா?

ஜிபிஐஓசிப் வழியில் இரண்டாவதாக வருபவருக்கு "பிஸி" என்று பிழை வரும். அது நல்ல பிழை. ஜிபிஐஓமெம் வழியில் பிழையே வராது, இரண்டும் மாறி மாறி எழுதும். இருவருக்கும் உண்மையிலேயே வேண்டுமென்றால் உதவியாளர்தான் தீர்வு.

ஐ2சி, எஸ்பிஐ, ஒன்-வயர் எல்லாம் இதே கதைதானா?

ஆமாம். இவை சென்சார் போன்ற கருவிகளோடு பேசும் வயர் வழிகள், தரும் அனுமதியின் அளவுதான் மாறும். ஐ2சி-1 ஃபைலைக் கொடுத்தால் அந்த பஸ்ஸில் மாட்டியிருக்கும் எல்லாக் கருவிகளும் செயலியின் கைக்குப் போகும். கடிகாரச் சிப்பும் டிஸ்ப்ளேயும் ஒரே பஸ்ஸில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எஸ்பிஐயில் ஸ்பைடெவ்0.0, 0.1 என்று ஒவ்வொரு சிப் செலக்ட்டுக்கும் தனி ஃபைல் என்பதால் பிரித்துக் கொடுக்கலாம். பிடபிள்யூஎம் (பின்னை வேகமாகப் போட்டு அணைத்து அளவைக் கட்டுப்படுத்துவது) சிஸ் ஃபோல்டருக்குள் எழுத வேண்டியது, அதனால் டாக்கரில் முதல் கதவின் சிக்கலே இதற்கும்.

டிஎஸ்18பி20 வெப்பமானிதான் சுலபம். கெர்னலே அதைப் படித்து சிஸ் ஃபோல்டரில் ஃபைலாக வைக்கிறது, படிக்க மட்டும் போதும் என்பதால் கன்டெய்னருக்கு எந்த டிவைஸும் தரத் தேவையில்லை.

டிஹெச்டி22 சென்சார் கன்டெய்னர்ல தப்பு தப்பா காட்டுது.

அந்த வெப்ப, ஈரப்பத சென்சார் 0-வையும் 1-ஐயும் பல்ஸின் நீளத்தால் சொல்கிறது. ஏறக்குறைய 27 மைக்ரோசெகண்ட் என்றால் 0, 70 என்றால் 1. அந்த நேரத்தில் லினக்ஸ் வேறு வேலைக்குப் போய்விட்டால் கணக்குத் தவறும். கன்டெய்னருக்கு சிபியூ வரம்பு வைத்திருந்தால் இன்னும் அதிகமாகத் தவறும். டிஹெச்டி11 என்ற பெயரில் கெர்னல் டிரைவர் ஒன்று இருக்கிறது, 22-க்கும் அதுவே. ஓவர்லே மூலம் அதை ஏற்றி, முடிவை சிஸ் ஃபோல்டரிலிருந்து படியுங்கள்.

பை 5-க்கு மாறினேன். பழைய இமேஜ் எதுவும் ஓடலை.

பை 5-இல் ஊசிகளைக் கவனிப்பது ஆர்பி1 என்ற தனி சிப். பழைய ரிஜிஸ்டர் முகவரிகள் அங்கே இல்லை. ஆர்பிஐ.ஜிபிஐஓ, பிக்பிஐஓ இரண்டும் வேலை செய்யாது. முதலாவதுக்குப் பதிலாக ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ நிறுவினால், ப்ரோக்ராமை அதிகம் மாற்றாமலே ஓட்டலாம். கன்டெய்னருக்கு இப்போது ஜிபிஐஓமெம்முக்குப் பதில் ஜிபிஐஓசிப்பைக் கொடுக்க வேண்டும்.

ஒரு சின்ன இடறல்: எல்ஜிபிஐஓ நூலகம் தான் ஓடும் ஃபோல்டரில் ஒரு தற்காலிக பைப் ஃபைலை உருவாக்கும். கன்டெய்னரைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். எல்ஜி_டபிள்யூடி என்ற சூழல் மாறியில் டெம்ப் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

வேற ஒருத்தர் செஞ்ச இமேஜ் பிரிவிலேஜ்ட் கேக்குது. குடுக்கலாமா?

முதலில் கேட்டதைக் கொடுக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஜிபிஐஓசிப் ஒன்றை மட்டும் கொடுத்தாலே பல இமேஜ்கள் ஓடிவிடும். எழுதியவர் அவசரத்தில் அந்த ஆப்ஷனைக் குறிப்பில் போட்டிருப்பார். ஓடவில்லை என்றால் எஸ்ட்ரேஸ் (செயலி கெர்னலிடம் கேட்பதைக் காட்டும் கருவி) போட்டு எந்த ஃபைலைத் திறக்கும்போது மறுக்கப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஃபைல்கள்தான் இருக்கும். சில நூலகங்கள் போர்டின் மாடலைத் தெரிந்துகொள்ள டிவைஸ் ட்ரீயை (போர்டின் வன்பொருள் விவரப் பட்டியல்) படிக்கும். டாக்கர் சிஸ் ஃபர்ம்வேர் பகுதியை மறைத்து வைப்பதால் "இது ராஸ்பெர்ரி பை இல்லை" என்று நின்றுவிடும். அதற்கும் பிரிவிலேஜ்ட் தேவையில்லை.

எதைச் செய்தும் ஓடவில்லை, செயலியும் வேண்டும் என்றால், அதற்கென்று தனி போர்டு ஒன்றை ஒதுக்குங்கள்.

எல்லாம் சரியா பண்ணியிருக்கேனான்னு எப்படிப் பாக்குறது?

கன்டெய்னருக்குள் நுழைந்து டெவ் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுக்காதது எதுவும் இருக்கக் கூடாது. உள்ளேயே ஜிபிஐஓஇன்ஃபோ ஓட்டி லைன்களை எண்ணுங்கள், அக்ரிகேட்டர் வைத்திருந்தால் இரண்டுதான் வர வேண்டும்.

அப்புறம் மோட்டாரைக் கழற்றிவிட்டு, ரிலேயின் இன்புட்டில் மல்டிமீட்டரை வைத்து, ரிலே ஆனில் இருக்கும்போதே கன்டெய்னரைக் கில் கட்டளையால் கொல்லுங்கள். மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். மறுபடி ஓட்டி, இந்த முறை போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கி மாட்டுங்கள். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் இந்த இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். மோட்டார் வயரை மறுபடி மாட்டுவது அதற்குப் பிறகுதான்.